‘சாமி கூட்டிக்கிட்டார்’ என்று சொல்லாதீர்கள்

கிறிஸ்தவ வீட்டில் ஒரு சாவு விழுந்ததும் பெரியவர்கள் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, சிறு பிள்ளைகளை அக்கம்பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பிள்ளை திரும்பி வந்து “தாத்தா எங்கே?” என்று கேட்கும்போது பதில் தயாராக இருக்கும். கத்தோலிக்க வீடென்றால் “சாமி கூட்டிக்கிட்டாரு.” சீர்திருத்த சபை வீடென்றால் “இயேசப்பா எடுத்துக்கிட்டாரு.” இறந்தது குழந்தையென்றால், கடவுளுக்குப் பிடித்த பூவை அவர் சீக்கிரமே பறித்துக்கொள்வார் என்று கூடவே ஒரு ஆறுதலும் வரும். சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஐந்து வயதுப் பிள்ளையின் காதில் விழுவது வேறு. சாமி, வீட்டுக்குள் வந்து ஆட்களை எடுத்துக்கொண்டு போகிறவர். நல்லவர்களை முதலில் எடுப்பவர். தாத்தாவை எடுத்தவர் நாளை அம்மாவையும் எடுக்கலாம். அன்று இரவு ஜெபத்தில், அதே சாமியிடம் வீட்டைக் காக்கும்படி வேண்டச் சொல்லிப் பிள்ளையை முழங்காலில் நிறுத்துகிறோம்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சபைப் பிரிவும் ஊரும் படிப்பும் அதற்குத் தடையில்லை. ‘சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது, இப்போதைக்கு எதையாவது சொல்லிவை, வளர்ந்ததும் தானாகச் சரியாகிவிடும்’ என்பதுதான் அது. மரணம், மூவொரு கடவுள், சிலுவை, நரகம், நற்கருணை என்று கிறிஸ்தவத்தின் கடினமான இடங்கள் எல்லாவற்றிலும் இதே கொள்கைதான் புழங்குகிறது. பிள்ளைக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து, சின்னக் கவளமாக ஊட்டுகிறோம். அளவு குறைகிறது, பதம் மாறுகிறது, ஆனால் ஊட்டுவது சோறுதான். விசுவாசத்தை ஊட்டும்போது மட்டும், பிள்ளைதானே என்று வேறு எதையோ பிசைந்து கொடுக்கிறோம்.

பின்னொரு நாள் திரும்பப் பெற வேண்டிய எதையும் பிள்ளையிடம் சொல்லக்கூடாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு பார்த்தால், நம் வீடுகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் சொல்லப்படுவதில் பெரும்பகுதி தேறாது.

மரணத்திலிருந்தே தொடங்கலாம். புடாபெஸ்ட் நகரத்துப் பிள்ளைகளிடம் பேசி மரியா நாகி என்ற உளவியலாளர் 1948இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் சாவை ஒரு பயணம்போலவும் தூக்கம்போலவும் எண்ணினார்கள். போனவர் திரும்பி வந்துவிடுவார் என்று நம்பினார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வயது வரையுள்ளவர்களில் பலர் சாவை ஓர் ஆளாகக் கற்பனை செய்தார்கள். வந்து பிடித்துக்கொண்டு போகிற ஆள். ‘சாமி கூட்டிக்கிட்டாரு’ என்ற சொல், பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே நடமாடும் அந்தப் பிடிகாரனுக்குக் கடவுளின் முகத்தை மாட்டிவிடுகிறது. 1984இல் ஸ்பீஸ், பிரென்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். செத்தவர் திரும்பி வரமாட்டார், செத்த உடம்பு எதையும் உணராது, சாவு எல்லோருக்கும் உண்டு என்ற மூன்றையும் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையிலேயே புரிந்துகொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. புரியாது என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் வயது அது.

“தூங்குறாரு” என்பதும் இதே வகைதான். அதைக் கேட்ட பிள்ளை படுக்கப் பயப்படுவது, துக்க ஆலோசகர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விஷயம். வேதத்திலேயே அப்படித்தானே இருக்கிறது என்று சிலர் வாதிடலாம். யோவான் 11ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால் அந்த வாதம் நிற்காது. லாசரு தூங்குகிறான் என்று இயேசு சொன்னதை வளர்ந்த சீடர்களே தவறாகப் புரிந்துகொண்டு, தூங்கினால் குணமாகிவிடுவானே என்கிறார்கள். உடனே இயேசு சுற்றிவளைக்காமல், லாசரு இறந்துவிட்டான் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பிறகு கல்லறைக்குப் போகும்போது அழுகிறார். சாவைக் கடைசிப் பகைவன் என்று பவுல் எழுதுகிறார். பகைவன் செய்த வேலையை நாம் ஏன் கடவுளின் கணக்கில் எழுதுகிறோம்?

கொடுத்தவரே எடுத்தார் என்ற யோபின் சொல் எத்தனையோ நினைவஞ்சலி அட்டைகளில் இருப்பது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னவர் யோபு. தன் பிள்ளைகளையே பறிகொடுத்தவர், தன் துக்கத்தில், தன் வாயால் சொன்னது. இன்னொருவருடைய சாவுக்கு விளக்கமாக அவர் யாரிடமும் அதை நீட்டவில்லை. துக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொன்ன அவருடைய நண்பர்களைக் கடவுள் கடைசியில் கடிந்துகொள்கிறார். அந்தப் பகுதியை அட்டையில் யாரும் அச்சிடுவதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவன் குண்டை வெடிக்கச்செய்தபோது இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். பிழைத்த பிள்ளைகள் தம்பியை, அக்காவை, பக்கத்தில் உட்கார்ந்து பாடிய தோழியைப் பறிகொடுத்தார்கள். அவர்களில் ஒருவரிடம் போய் ‘இயேசப்பா எடுத்துக்கிட்டாரு’ என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவனும் இயேசுவும் ஒரே வேலையைச் செய்தார்கள் என்று பொருளாகிவிடாதா? நடந்தது கொலை. ஒரு மனிதன் செய்த கொடுமை. கடவுள் அதை விரும்பவில்லை, அந்தப் பிள்ளையை அவர் கைவிடவுமில்லை, ஒரு நாள் எழுப்புவார் என்று நம்புகிறோம். திருச்சபை உண்மையில் நம்புவது இவ்வளவுதான். இதில் ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியாத சொல் எது?

2004 டிசம்பர் 26ஆம் தேதியும் ஞாயிற்றுக்கிழமைதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கன்னியாகுமரிக் கடற்கரையின் கத்தோலிக்க மீனவ ஊர்களிலும் வேளாங்கண்ணியிலும் கடல் எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோனது என்பதை அந்த ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். கடவுளின் தண்டனை என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. பிள்ளைகள் இருக்கும்போதே சொன்னவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளென்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லையென்று இயேசுவே பதிலும் சொன்னது லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாதவனைக் காட்டி, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்டபோதும் அந்தக் கணக்கை அவர் ஏற்கவில்லை. அவர் மறுத்த விளக்கத்தை அவர் பெயராலேயே பிள்ளைகளுக்குச் சொல்வது அநியாயம்.

சாவு வீட்டில் பிள்ளைக்குச் சொல்லக்கூடியது மிகச் சிறியது. “தாத்தா செத்துப்போயிட்டாரு. அவரு உடம்பு இனி மூச்சு விடாது. அவருக்கு இனி வலிக்காது, பசிக்காது. நமக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, நீயும் அழலாம். சாமி அவரை மறக்க மாட்டாரு, ஒரு நாள் எழுப்புவாருன்னு நம்புறோம். எப்போ, எப்படின்னு எனக்குத் தெரியாது.” இதில் ஒரு வரியைக்கூட இருபது வயதில் அந்தப் பிள்ளையிடம் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.

‘இப்போது மனப்பாடம், பிறகு புரிதல்’ என்ற முறைக்குத் தமிழ் மண்ணில் வயது அதிகம். 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்து, பரதவர் ஊர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்பித்தார்கள். நோயாளிகளுக்காக ஜெபிக்கவும் அவர் பிள்ளைகளையே அனுப்பினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இந்த ஏற்பாட்டை அவரே விவரிக்கிறார். அடுத்து வந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்றவர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற போர்ச்சுகீசிய இயேசு சபைக் குரு பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே உரையாடல் வடிவில் எழுதிய நூலின் தமிழாக்கம். தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே பிள்ளைக்கு விசுவாசத்தைச் சொல்ல வேண்டுமென்ற அக்கறை நின்றிருக்கிறது. இது பெருமைப்பட வேண்டிய செய்தி. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் ஊழியர் சீகன்பால்கும், மார்ட்டின் லூதர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

மனப்பாடத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஏழு வயதில் நாவில் ஏறிய ஜெபம் எழுபது வயதில் மருத்துவமனைக் கட்டிலில் கைகொடுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஞானோபதேசப் புத்தகத்தில் கேள்வியும் அச்சாகியிருக்கிறது, பதிலும் அச்சாகியிருக்கிறது. பிள்ளையின் சொந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை. சவேரியாருக்கு மொழி இல்லை, ஆட்கள் இல்லை, ஓர் ஊரில் தங்க நேரமில்லை. அவர் செய்ய முடிந்ததைச் செய்தார். மொழியும் ஆட்களும் நேரமும் உள்ள நாம், அவருடைய நெருக்கடியை ஒரு கல்விக் கொள்கையாக்கி வைத்திருக்கிறோம். மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுக்கிறோம். கேள்வி கேட்கும் பிள்ளையை “அதிகப்பிரசங்கி” என்று உட்காரவைக்கிறோம்.

வேதம் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டுகிறது. பாஸ்கா இரவின் சடங்குகளைச் சொல்லும் யாத்திராகமம், இதற்கு என்ன அர்த்தமென்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது இன்னது சொல்லுங்கள் என்று தொடர்கிறது. உபாகமத்திலும் அப்படித்தான். யோர்தானைக் கடந்தபின் பன்னிரண்டு கற்களை நிறுத்தச் சொல்லும்போது யோசுவா கூறும் காரணமே, நாளை பிள்ளைகள் இந்தக் கற்களைப் பார்த்துக் கேட்பார்கள் என்பதுதான். யூத வீடுகளில் இன்றும் பாஸ்கா விருந்தில் நான்கு கேள்விகளைக் கேட்பவர் அங்கிருப்பவர்களில் வயதில் இளையவர். கேட்கத் தெரியாத பிள்ளையென்றால் பெற்றோரே பேச்சைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பதும் அந்த மரபின் பகுதி. இயேசு வளர்ந்த மரபு அது. பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து அவரும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

மூவொரு கடவுளுக்கு வருவோம். மறைக்கல்வி ஆசிரியர்கள் அதிகம் பயப்படும் பாடம் இது. அதனால்தான் உவமைகள் அதிகம் பெருகிய பாடமும் இதுவே. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி. முட்டையில் ஓடு, வெள்ளை, மஞ்சள். மூன்று இதழ் கொண்ட புல்லிலை. மூன்றும் தவறு. சும்மா தவறல்ல, திருச்சபை பெயர் சொல்லி நிராகரித்த தவறுகள். ஒரே தண்ணீர் மூன்று வடிவம் எடுப்பதுபோல ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்ற போதனைக்காக, மூன்றாம் நூற்றாண்டில் ரோமையில் சபேலியுஸ் என்பவர் சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்று ஒரு சுட்டிப்பெண் கேட்டால் தண்ணீர் உவமை அந்த இடத்திலேயே உடைந்துபோகும். முட்டையும் இலையும் கடவுளை மூன்று துண்டாக்குகின்றன. ஓடு முட்டையாகாது, ஆனால் சுதன் முழுக் கடவுள் என்பதுதான் விசுவாசப் பிரமாணம். இலை உவமையைப் புனித பேட்ரிக் அயர்லாந்தில் சொன்னதாக எல்லாப் புத்தகமும் எழுதும். பேட்ரிக் ஐந்தாம் நூற்றாண்டுக்காரர். அந்தக் கதை எழுத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவது 18ஆம் நூற்றாண்டில், ஒரு தாவரவியல் நூலில். பேட்ரிக் தன் கையால் எழுதிய வாழ்க்கை அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை.

மூவொரு கடவுள் கோட்பாட்டுக்காகவே நினைக்கப்படும் நாசியான்சு கிரகோரியார், 380ஆம் ஆண்டையொட்டிக் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆற்றிய உரைகளில் ஊற்று, ஓடை, ஆறு என்ற உவமையையும் சூரியன், கதிர், ஒளி என்ற உவமையையும் எடுத்து எடை போடுகிறார். எதிலும் ஒரு பொருத்தம் இருந்தால் பத்துப் பிழை ஒட்டிக்கொண்டு வருகிறதென்று கண்டு, எல்லாவற்றையும் கீழே வைத்துவிடுகிறார். அகுஸ்தீனார் மூவொரு கடவுளைப் பற்றிய 15 பாகங்களை எழுதிமுடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அவர்கள் துணியாததை நாம் ஒரு முட்டையைக் காட்டி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

அப்படியானால் பிள்ளைக்கு என்ன சொல்வது? எண்ணிலிருந்து தொடங்காமல் கதையிலிருந்து தொடங்கலாம். யோர்தானில் இயேசு நிற்கிறார். வானத்திலிருந்து தந்தையின் குரல் கேட்கிறது. புறாவைப்போல ஆவியானவர் இறங்குகிறார். தந்தை மகனை நேசிக்கிறார், மகன் தந்தையை நேசிக்கிறார், அந்த நேசம் ஆவியானவராக நம்மிடம் வருகிறது. பிறகு பிள்ளை “அப்போ மூணு சாமியா?” என்று கேட்கும். “இல்லை, ஒரே சாமிதான். அது எப்படின்னு பெரிய பெரிய புனிதர்களுக்கே முழுசாப் புரியலை. ஆனா அவங்க மூணு பேரும் எப்பவும் பிரியாம இருக்காங்கன்னு நமக்குத் தெரியும்.” கிரகோரியார் இதைக் கேட்டால் மறுக்கமாட்டார்.

பிள்ளைக்குப் புரியாது என்ற வாதத்துக்கு ஆய்வின் பலமும் ஒரு காலத்தில் இருந்தது. ரொனால்ட் கோல்ட்மன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளைப் பின்பற்றி, முட்செடித் தீ, செங்கடல், இயேசுவின் சோதனை ஆகிய மூன்று வேதக் கதைகளை வைத்துப் பிள்ளைகளிடம் பேசினார். பதின்பருவம் வரும்வரை உண்மையான சமயச் சிந்தனை கிடையாது என்று 1964இல் எழுதினார். இங்கிலாந்துப் பள்ளிகளின் பாடத்திட்டத்தையே அந்த நூல் பாதித்தது. பிள்ளைகள் படத்தை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்ற அவருடைய எச்சரிக்கை இன்றும் மதிக்கத்தக்கது. கடவுளை வெள்ளைத்தாடிக் கிழவராக வரைந்து மாட்டும் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும். அவருடைய முடிவு மட்டும் நிலைக்கவில்லை.

2001இல் ஜஸ்டின் பேரட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. பிஸ்கட் பெட்டியைப் பிள்ளையிடம் காட்டினார்கள். உள்ளே என்ன என்றால் பிஸ்கட் என்றது பிள்ளை. திறந்தால் கற்கள். பெட்டியை மூடிவிட்டு, இதைப் பார்க்காத அம்மா வந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று நினைப்பார் என்று கேட்டார்கள். மூன்று, நான்கு வயதினரில் பலர் அம்மாவுக்கும் கற்கள் என்று தெரியும் என்றார்கள். ஐந்து, ஆறு வயதினரோ அம்மா பிஸ்கட் என்று ஏமாந்துபோவார் என்றார்கள். கடவுள்? கடவுளுக்குக் கற்கள் என்று தெரியும். மனித அறிவுக்கும் கடவுளின் அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வயதுப் பிள்ளை பிரித்துக் காட்டியது. கடவுளைப் பெரிய உருவமுள்ள மனிதராகத்தான் பிள்ளை நினைக்கும் என்று எத்தனை பாடநூல்கள் எழுதிவந்தன!

பிள்ளைக்கும் தன் வயதுக்கேற்ற புரிதல் உண்டென்பதைத் திருச்சபையே ஆய்வுக்கு முன்பே ஒப்புக்கொண்டது. 1910 ஆகஸ்ட் 8 அன்று திருத்தந்தை பத்தாம் பயஸின் ஆணையின்படி வெளியான அறிக்கை, பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயதுவரை தள்ளிப்போடப்பட்டிருந்த புதுநன்மையை, அதாவது முதல் நற்கருணையை, ஏறக்குறைய ஏழு வயதுக்கு இறக்கியது. முழு அறிவு தேவையில்லை. நற்கருணை அப்பம் சாதாரண அப்பமல்ல என்று தன் வயதுக்கேற்றபடி அறிந்தால் போதும். மீதியை வளர வளரக் கற்கட்டும் என்றது. கத்தோலிக்க விசுவாசத்திலேயே மிகக் கடினமான மறைபொருளை ஏழு வயதின் கையில் கொடுத்த முடிவு இது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1908இல், அயர்லாந்தின் கார்க் நகரில் நான்கு வயது எலன் ஆர்கன் நோயால் இறந்தாள். ஆயரின் தனி அனுமதியோடு அவளுக்கு ஏற்கெனவே நற்கருணை கொடுத்திருந்தார்கள், ஏனென்றால் அவளிடம் பேசிய குருவுக்கு அவள் புரிந்துகொண்டிருக்கிறாள் என்பதில் ஐயமில்லை. கீழைச் சபைகள் இன்னும் ஒரு படி மேலே. பக்கத்துக் கேரளத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையார் ஞானஸ்நானத்தன்றே கைக்குழந்தைக்கும் நற்கருணை கொடுக்கிறார்கள்.

இந்த வழியில் நீண்ட காலம் உழைத்தவர் ரோமைப் பெண்மணி சோஃபியா கவலெட்டி. எபிரேய மொழி அறிஞர். 1954இல் மாண்டிசோரி ஆசிரியை ஜானா கோப்பியோடு சேர்ந்து பிள்ளைகளுடன் வேதம் வாசிக்கத் தொடங்கினார். 2011இல் இறக்கும்வரை அந்தப் பணிதான். மரத்தால் செய்த சின்ன ஆட்டுப்பட்டி, சில ஆடுகள், ஒரு மேய்ப்பர். நல்ல மேய்ப்பனின் பகுதியை வாசிப்பார். மேய்ப்பர் யார், ஆடுகள் யார் என்று விளக்கமாட்டார். பிள்ளைகளே பொம்மைகளை நகர்த்தி, நாள் கணக்கில், வாரக் கணக்கில் யோசித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவார். பல நாடுகளில் நடந்த இந்தப் பணியில் அவர் திரும்பத் திரும்பக் கண்டது: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கடவுளைப் பற்றிய செய்தியில் முதலில் தேடுவது பாதுகாப்பை, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒருவரை. ஒழுக்க போதனைக்கும் பாவ ஆராய்ச்சிக்கும் பிறகு நேரம் வரும். நம் வகுப்புகளில் வரிசை தலைகீழ். பாவத்தில் தொடங்கி, நரகத்தைக் கடந்து, நேரமிருந்தால் மேய்ப்பனிடம் வருகிறோம்.

நரகம். இதைப் பற்றி மிதமாகப் பேச முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்து, இங்கிலாந்துப் பிள்ளைகளுக்காக ஜான் ஃபர்னிஸ் என்ற குரு எழுதிய சிறு நூல்கள் பல லட்சம் பிரதிகள் விற்றன. அவற்றில் ஒன்று நரகத்தின் அறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக்காட்டுகிறது. செந்தணலாய்க் கனலும் அடுப்புக்குள் ஒரு சிறு பிள்ளை துடிப்பதைப் பிள்ளைகளுக்கே விவரிக்கிறது. அந்த நூல் எந்த மூலையில் கிடக்கிறதோ தெரியாது. அந்தப் போதனை நம் கோடைக்கால முகாம்களில் உயிரோடு இருக்கிறது. திரை, விளக்கணைப்பு, நெருப்பு வீடியோ, முடிவில் யார் யார் இரட்சிக்கப்படக் கைதூக்குகிறீர்கள் என்ற கேள்வி. ஏழு வயதுப் பிள்ளை தூக்கும் கை பயத்தின் கை. அதை விசுவாசத்தின் கணக்கில் எழுதி அறிக்கை அனுப்பக்கூடாது. ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, ஒரே ஒரு மனிதரைக்கூட நரகத்தில் இருப்பவர் என்று அறிவித்ததில்லை. கடவுளை வேண்டாமென்று தானே விலகிக்கொள்வதே நரகம் என்று 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு சொல்கிறது. பொய் சொன்னதற்கும் தம்பியைக் கிள்ளியதற்கும் அடுப்பைக் காட்டும் போதனை அந்த ஏட்டில் எங்கும் இல்லை.

சொல்லிவிட்டுத் திரும்பப் பெறுவது என்ன விலை கேட்கும் என்பதற்கு ஒரு கசப்பான சான்று இருக்கிறது. பிள்ளைகளை நற்கருணைக்கு அழைத்த அதே பத்தாம் பயஸின் பெயரால் வந்த 1905ஆம் ஆண்டு ஞானோபதேசம், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுக்கள் ‘லிம்போ’ என்ற இடத்துக்குப் போவதாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. அங்கே வேதனை இல்லை, ஆனால் கடவுளைக் காணவும் முடியாது. அது ஒருபோதும் திருச்சபையின் இறுதியான கோட்பாடாக இருந்ததில்லை. அயர்லாந்தில் அப்படிப்பட்ட சிசுக்களைப் புனிதப்படுத்தப்பட்ட மண்ணில் அடக்கம் செய்யாமல், ‘கில்லீன்’ எனப்படும் தனி நிலங்களில், பெரும்பாலும் இருட்டில், புதைத்தார்கள். 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அந்தச் சிசுக்கள் மீட்படைவார்கள் என்று நம்பத் தகுந்த காரணம் உண்டு என்று எழுதியது. ஒரு ஊகத்தை உறுதிபோலப் பிள்ளைப் பருவத்தில் கற்ற தாய்மார்கள், அதற்குள் எத்தனை தலைமுறை அழுது முடித்திருந்தார்கள்!

சிலுவையிலும் இந்தக் கவனம் வேண்டும். “நீ செஞ்ச பாவத்துக்காகத்தான் இயேசப்பாவுக்கு ஆணி அடிச்சாங்க” என்பது நான்கு வயதுக்குச் சொல்லத்தக்கதல்ல. சிலுவை எப்படி மீட்டது என்பதற்கு இடைக்கால இறையியலாளர்களில் அன்செல்ம் ஒரு விளக்கம் சொன்னார், அபெலார்ட் வேறு விளக்கம் சொன்னார், ஆதித் திருச்சபைப் பிதாக்கள் சாவின்மேல் பெற்ற வெற்றியாகப் பார்த்தார்கள். நைசேய விசுவாசப் பிரமாணம் நமக்காக என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இயேசு எல்லோரையும் நேசித்தார், சிலருக்கு அது பிடிக்கவில்லை, அவரைக் கொன்றார்கள், அப்போதும் அவர் நேசிப்பதை நிறுத்தவில்லை, கடவுள் அவரை எழுப்பினார். பிள்ளைக்கு இது போதும். முழுமையானதும்கூட.

பெற்றோரின் தரப்பில் ஒரு நியாயமான தயக்கம் உண்டு. “எங்களுக்கே தெரியாதே, பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?” தெரியாது என்று சொன்னால் பிள்ளையின் விசுவாசம் ஆட்டம் காணும் என்ற பயமும் அதோடு சேர்ந்தது. 1955இல் அமெரிக்காவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், இயேசுவைவிட நார்னியாக் கதைகளின் சிங்கத்தை அதிகம் நேசித்துவிட்டேனோ என்று கலங்கினான். அவனுடைய தாய் சிரித்துத் தள்ளவில்லை, அதட்டவும் இல்லை. நேராக நூலாசிரியர் சி.எஸ். லூயிஸுக்கு எழுதினார். சிங்கத்திடம் அவன் நேசிப்பதெல்லாம் இயேசு செய்தவற்றையும் சொன்னவற்றையும்தான், ஆகவே அவன் நேசிப்பது இயேசுவையே என்று லூயிஸ் உடனே பதில் எழுதினார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்ட தாய், பிள்ளையின் கலக்கத்தைப் பெரியவரின் கலக்கத்துக்கு நிகராக மதித்த எழுத்தாளர். நம் பங்குகளிலும் சபைகளிலும் இதற்கு என்ன தடை?

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் ஆசிரியர்களாக நிற்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி வயது இளைஞர்கள். அசைவுப் பாட்டுக்கும் கைவினைக்கும் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. “எங்கப்பா குடிக்கறதை நிறுத்தணும்னு தினமும் ஜெபிச்சேன், சாமி ஏன் கேட்கலை?” என்று ஒரு பிள்ளை எழுந்தால் என்ன சொல்வது என்பதற்குப் பயிற்சி அரிது. அவர்களை ஒரு சனிக்கிழமை முழுக்க உட்காரவைத்து, பிள்ளைகள் உண்மையில் கேட்ட கேள்விகளை எழுதிவரச் சொல்ல வேண்டும். நாய்க்குட்டி மோட்சத்துக்குப் போகுமா, தாத்தா இந்து, அவருக்கு என்ன ஆகும், நோவாவின் வெள்ளத்தில் குழந்தைகளும் செத்தார்களா, ஆபிரகாம் உண்மையிலேயே வெட்டியிருப்பாரா. ஒவ்வொன்றுக்கும் திருச்சபை உறுதியாகச் சொல்வது எது, நம்பிக்கையாகச் சொல்வது எது, சொல்லாமல் விட்டது எது என்று பிரிக்கப் பழக வேண்டும். அவர்களால் பிரிக்க முடியாததைப் பங்குக் குருவிடமும் போதகரிடமும் கொண்டுபோகட்டும். அவர்களும் படித்துவிட்டு வந்து, அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்துப் பதில் சொல்லட்டும்.